ஆச்சியிடம் கேளுங்கள்: கட்டு இறுகினால் கருவி நிற்கும்

ஆச்சி, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் வருகிறார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து சுத்தம் செய்கிறோம். முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒட்டடை தொங்குகிறது, கடையில் வாங்கிய ஒட்டடைக்கம்பு பாதி உயரம்கூட எட்டவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, கானாடுகாத்தான்

அந்தக் கம்பெல்லாம் அப்பார்ட்மென்ட் வீட்டுக்குச் செய்தது ஆத்தா. நம் வீட்டு உயரத்துக்கு நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மூங்கில் கம்பு எடுங்கள். கனமானது கீழே, மெலிந்தது மேலே. முனையோடு முனை வைத்துக் கட்டினால் தூக்கும்போதே மடங்கும். ஒரு முழத்துக்கு ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும்படி வைத்து, அந்த முழத்தின் இரு ஓரத்திலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

கட்டக் கயிறு வேண்டாம், மூங்கிலில் வழுக்கும். பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் டியூப் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அதை விரல் அகலத்துக்கு நீள நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்தபடியே சுற்றுங்கள். கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகிவிட்டால் முடிச்சே தேவையில்லை. ரப்பர் தானாகச் சுருங்கி இறுக்கிக்கொள்ளும்.

நுனிக்கு என்ன கட்டுவது என்பதைச் சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு என்றால் ஈர்க்கு படவே கூடாது, கோடு விழும். நைந்த வேட்டியைப் பந்தாகச் சுருட்டிக் கட்டுங்கள். துணி காய்ந்திருக்கட்டும்; ஈரமாக இருந்தால் ஒட்டடை கருப்பாக இழுகிவிடும், அப்புறம் போகாது. தேக்கு உத்தரத்துக்கு ஈர்க்குமாறே போதும். அண்ணாந்து அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய துணி மூட்டையாகக் கிடக்கிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் துடைக்க மாப் செய்ய முடியுமா ஆச்சி?
- வாசகி, தேவகோட்டை

நன்றாக முடியும். ஆனால் மூட்டையைப் பிரித்துத் துணியைப் பொறுக்க வேண்டும். பாலியெஸ்டர் சேலை தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டுதான் போகும். பனியன் துணிக்கு ஈடே கிடையாது. ஒரு அங்குல அகலம், ஒரு அடி நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி கட்டும் விதம். துணி நாடாக்கள் கம்பின் கைப்பிடிப் பக்கம் பார்த்தபடி இருக்க, அவற்றின் அடி முனைகளைக் கம்பு முனையைச் சுற்றிலும் அடுக்கி, டியூப் நாடாவால் இறுக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் கீழ்ப்பக்கமாக மடக்கிவிட்டு, அதன் மேல் இன்னொரு கட்டு. முதல் கட்டு துணிக்குள் மறைந்துவிடும், கம்பு முனை தரையில் இடிக்காது. ஆணி மட்டும் அடிக்காதீர்கள். துணி தேய்ந்ததும் அது வெளியே வந்து கல்லைக் கீறும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, சிமென்ட் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதனால் ஆசிட், வினிகர், எலுமிச்சை மூன்றும் அதற்கு எமன். வெறும் தண்ணீரில் துடைத்து, கடைசியாக ஒரு வாளிக்குச் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு இன்னொரு முறை இழுங்கள். சொட்டு என்றால் சொட்டுதான். கை தாராளமாகிவிட்டால் வழுக்கி விழ வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் பாட்டிலை நார் நாராக வெட்டித் துடைப்பம் செய்கிறார்களே, நல்லதா?
- வாசகர், காரைக்குடி

முற்றம் கழுவ, சாக்கடை தள்ள நல்லது தம்பி. வீட்டுக்குள் வேண்டாம், தூசியை அள்ளாது, தெறிக்கத்தான் விடும். பாட்டில் மிச்சமானால் மூடியில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அருமையாக இருக்கும்.

ஈர்க்குமாறு கட்டினால் ஒரே வாரத்தில் உருவி உருவி வருகிறது. கடைக்காரர் கட்டு மட்டும் எப்படி நிற்கிறது?
- வாசகி, திருப்பத்தூர்

பச்சை ஈர்க்கைக் கட்டியிருப்பீர்கள். காயக் காய அது மெலியும், கட்டு தொளதொளக்கும். ஓலையைச் சீவியதும் நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுக் கட்டுங்கள். அப்படியும் தளர்ந்தால் அவிழ்க்க வேண்டாம். ஒரு சாண் மரக்குச்சியை ஒரு பக்கம் கூராகச் சீவி, கட்டின் தலையில் நட்டநடுவே வைத்துச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். ஆப்பு உள்ளே போகப் போக ஈர்க்கெல்லாம் வெளிப்பக்கம் நெருக்கிக்கொண்டு கல்லாக இறுகும்.

பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கக் கடை ஸ்க்ரப்பர் கீறுகிறது...
- வாசகி, பள்ளத்தூர்

முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு. தோலை உரித்து, விதையைத் தட்டிவிட்டு, நனைத்தால் மெத்தென்று ஆகிவிடும். இடுக்குக்குத் தேங்காய் நாரை விரல் தடிமனுக்கு முறுக்கி, நடுவில் கட்டி, நுனியை வெட்டிவிட்டால் பிரஷ். புளி போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுங்கள். புளித்தண்ணீர் ஆத்தங்குடிப் பூக்கல்லில் சிந்தினால் அந்த இடம் வெளுத்துவிடும்.