ரெண்டு அன்ரெனாவால ஒரு ஸ்ரேசனை அடக்கலாமோ? உங்கட கேள்விகளுக்குப் பதில்

மாங்குளத்தில இருந்து: அண்ணை, ராமேஸ்வரம் பக்கத்து எஃப்எம் ஒண்டு கேக்க ஆசை, அதே நம்பரில கொக்காவில் ஸ்ரேசன் வந்து ஏறுது. ரெண்டு அன்ரெனா போட்டு வெட்டலாமோ?

வெட்டலாம் தம்பி. ஆனா இது வெட்டுறது திசையைத்தான், அலைவரிசையை இல்லை, இதை விளங்காமத்தான் கனபேர் காசைக் கரைக்கினம். உங்களுக்கு கொக்காவில் ஸ்ரேசன்ர 174 மீற்றர் கோபுரம் வடக்க, ராமேஸ்வரம் கிட்டத்தட்ட மேற்க, அதால வசதி. முதல்ல ஒரு டைபோலின்ர (நடுவில கேபிள் பூட்டின நேர்க்கம்பி அன்ரெனா) நுனியை கொக்காவிலுக்கு நேர நீட்டிப் பாருங்கோ, அதிலயே நல்லாக் குறையலாம். காணாட்டி ஒரே மாதிரி ரெண்டு அன்ரெனாவை வடக்குத் தெற்கா ஒண்டரை மீற்றர் இடைவெளியில நட்டு, ஒரே நீளக் கேபிள் ரெண்டு எடுத்து, டிவி ஸ்ப்ளிட்டரை (ஒரு கேபிளை ரெண்டாப் பிரிக்கிற பெட்டி) திருப்பிப் போட்டுச் சேருங்கோ. 100 மெகாஹேட்ஸில அலைநீளம் 3 மீற்றர், வடக்கால வாற அலை ரெண்டாவது அன்ரெனாவுக்கு அரை அலை பிந்தித்தான் போகும், ஒண்டு மேல ஏறேக்க மற்றது கீழ இறங்கும், சேருற இடத்தில ரெண்டும் அழிஞ்சிடும். மேற்கால வாறது ரெண்டிலயும் ஒண்டாப் பட்டுக் கூடும். கொக்காவில் உங்களுக்குச் சரியான வடக்கில்லை, கொஞ்சம் மேற்குப் பக்கம் சாய்வு, அதால இடைவெளியை 1.6 மீற்றர் வரைக்கும் கூட்டி, காதால கேட்டுக் கேட்டு அரக்குங்கோ.

விசுவமடுவில இருந்து: 100 மெகாஹேட்ஸை வெட்ட முக்கால் மீற்றர் கேபிள் துண்டை நுனி திறந்தபடி ஸ்டப்பா (அன்ரெனாக் கேபிளில ஒரு கிளையா) போட்டன், ஒண்டும் நடக்கேல்லை.

ஸ்டப் வெட்டுறது தன்ர நீளம் கால் அலையா (அலைநீளத்தில கால்வாசியா) இருக்கிற நம்பரைத்தான். வெளியில கால் அலை 75 சென்ரிமீற்றர்தான், ஆனா கேபிளுக்குள்ள அலை மெதுவாத்தான் போகும். ஃபோம் உள்ள ஆர்ஜி 6 டிவி கேபிள் எண்டால் ஒளி வேகத்தில ஏறத்தாழ 0.83 பங்கு, அப்ப 62 சென்ரிமீற்றர் வரும். நீங்கள் வெட்டினது 83 மெகாஹேட்ஸைத்தான் வெட்டும். 65இல தொடங்கி நறுக்கி நறுக்கி வாங்கோ.

அறிவியல்நகர் மாணவி: சேர், ரெண்டு அன்ரெனாவின்ர அலையும் நேர் எதிரா வர 180 பாகை சரியாக் குடுத்தும் 20 டெசிபலுக்கு மேல குறையுதில்லை, ஏன்?

ரெண்டு அலையின்ர பலத்தை, அதாவது வோல்ட்டேஜைப் பாருங்கோ பிள்ளை. ஒண்டு மற்றதை விட 10 சதவீதம் குறைஞ்சாலே மிச்சம் 20 டெசிபலில, அதாவது பத்திலொரு பங்கில நிண்டிடும், 40 வேணுமெண்டால் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள்ள இருக்கோணும். ஃபேஸிலயும் (ஒரு அலை மற்றதுக்கு எவ்வளவு முந்திப் பிந்தி வருது எண்டதில) அப்பிடித்தான், 6 பாகை பிசகினாலே அதே 20. கூடின பக்கத்தில ஒரு அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற துண்டு) போட்டுச் சமப்படுத்துங்கோ. ரெண்டு அன்ரெனாவால ஒரு திசையைத்தான் நினைச்சபடி அடக்கலாம், மூண்டு திசை அடக்க நாலு வேணும்.

முல்லைத்தீவில இருந்து: மாங்குளத்துக்காரருக்குச் சொல்லுறது எங்களுக்கும் சரிவருமோ?

இல்லை, மன்னிக்கோணும். உங்களுக்கு கொக்காவிலும் மேற்க, ராமேஸ்வரமும் அதே கோட்டில அதுக்கு அங்கால. ரெண்டும் ஒரே திசையில வந்தா எந்த ஃபேஸும் பிரிக்காது. நம்பர் நல்லா விலகி இருந்தால் மேல சொன்ன ஸ்டப் உதவும், ஒண்டு ரெண்டு மெகாஹேட்ஸ் வித்தியாசம் எண்டால் அது ரெண்டையும் சேர்த்து அமத்திப்போடும்.