பக்கத்து வீட்டுக் குழந்தையின் பால் பாட்டிலில் மாம்பழ பானம்: சொல்லலாமா, கூடாதா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால், அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தையை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் மாம்பழ பானத்தைப் பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துத்தான் தூங்க வைக்கிறார்கள். வயிற்றுப்போக்கு வந்தபோதும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்ட பழச்சுவை பானத்தை அட்டைப் பெட்டியில் வாங்கிக் கொடுத்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமாக வருகிறது. என் மூன்று வயது மகனுக்கு நான் குளிர்பானமே கொடுப்பதில்லை. காலையும் மாலையும் பாலில் மால்ட் பவுடர் கலந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுத்தான் கொடுக்கிறேன். அவர்களிடம் இதைப் பற்றிச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கவலையில் மருத்துவ ரீதியாகத் தவறு ஏதும் இல்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பானம் எதுவும் தேவையில்லை. கொஞ்சமாகக் கொடுத்தால் பரவாயில்லை என்ற அளவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதலும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கடையில் விற்கும் பழச்சாற்றையும் இந்த வயதில் கொடுக்க வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. பழத்தைப் பழமாகவே மசித்துக் கொடுப்பது போதும்.

அந்தக் குழந்தையின் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது பானத்தைவிட, அது கொடுக்கப்படும் நேரமும் விதமும்தான். விழித்திருக்கும்போது வாயில் ஊறும் உமிழ்நீர், சர்க்கரையை உண்டு பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைக் கழுவி விடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பாட்டிலின் ரப்பரைச் சப்பியபடியே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்களைச் சுற்றி அந்தப் பானம் நெடுநேரம் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பித்துவிடும்; மேல் பற்கள்தான் முதலில் கெடும். பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்க வைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், ஈறை ஒட்டிச் சாக்பீஸால் இழுத்தது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று கண்டுகொள்ளலாம். அந்தக் கட்டத்தில் பாட்டிலை நிறுத்தி, அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருவேளை துலக்கி, பல் மருத்துவரிடம் காட்டினால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கோடு பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு வலி, சீழ், இரவு முழுக்க அழுகை என்று அந்த வீடே அவதிப்படும். “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று பலரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் பல் வலிக்கும் குழந்தை சாப்பிட மறுப்பதும், எடை ஏறாமல் நிற்பதும் நாங்கள் அடிக்கடி காணும் ஒன்று.

பசியின் கணக்கையும் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் மாம்பழ பானத்தில் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது மூன்று தேக்கரண்டி. கைப்பிடி அளவு வயிறு கொண்ட குழந்தை இதைக் குடித்துவிட்டால் பருப்புச் சோறும் முட்டையும் கீரையும் இறங்காது. இரும்புச்சத்துக் குறைவு இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து சேர்கிறது. பின்னாளைய பாதிப்புக்கும் சான்று உண்டு. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் நீக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது: கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, பெரியவர்களான பின் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், உயர் ரத்த அழுத்த வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தது.

வயிற்றுப்போக்கின்போது கொடுத்த அந்தப் பானத்தைப் பற்றி அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதில் தயக்கமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அதற்கு ஏற்ற அளவில் உப்பும் இருப்பதால்தான் குடல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பழச்சுவை பானங்களில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு, உப்போ மிகக் குறைவு. இந்த மிகைச் சர்க்கரை, உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கிவிடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பின், 2025 அக்டோபரில்தான் அந்த வரையறைக்குள் வராத பானங்கள் தம் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொள்வதை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அட்டையில் அப்படி அச்சடித்து விற்றபோது அதை நம்பி வாங்கிய பாட்டியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியையும் துத்தநாக மாத்திரையையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன், வருத்தப்படாமல் படியுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி தேவை. அதில் பத்து சதவீதத்துக்கும் கீழ், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்கும் கீழ்தான் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது 30 கிராம் உச்சவரம்பு, 15 கிராம் நல்ல அளவு. நீங்கள் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையே 10 கிராம். மால்ட் பவுடர்கள் பலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். 20 கிராம் பவுடர் கலந்தால் இன்னும் ஆறேழு கிராம் சேரும். இருவேளைக்கு 30 கிராமைத் தாண்டிவிடுகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஒரு பாக்கெட்டைப் போல இரு மடங்கு. இந்தப் பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டாலும் கணக்கு மாறாது.

நீங்கள் அக்கறையில்லாத தாய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மகன் நன்றாக வளர வேண்டும் என்றுதான் அந்தப் பவுடரைக் காசு கொடுத்து வாங்கினீர்கள். ஷிப்ட் முடிந்து வரும் மருமகள் சற்று உறங்கட்டும், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று பாட்டில் கொடுக்கும் அந்த மாமியாரின் எண்ணமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். யாரோ ஒருவர் “இதைப் போய்க் கொடுக்கலாமா?” என்று முகத்துக்கு நேராகக் கடிந்துகொண்ட பின் எங்களிடம் வரும் தாய்மார்கள், குழந்தை என்ன குடிக்கிறது என்று கேட்டால் “பால் மட்டும்தான் சார்” என்று சொல்லிவிடுகிறார்கள். வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரியவருகிறது. அதற்குள் சிகிச்சைக்கு உரிய மாதங்கள் வீணாகியிருக்கும். பழிச்சொல்லால் வரும் பெரிய சேதம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே சொல்லுங்கள், ஆனால் பிறர் முன்னிலையில் வேண்டாம். தாயைப் பற்றி மாமியாரிடமும், மாமியாரைப் பற்றித் தாயிடமும் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டு மாற்றத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம்: “என்ற பையனுக்கே பவுடர நிறுத்தச் சொல்லிட்டாருங்கம்மா டாக்டரு. பாப்பாவுக்கும் ராத்திரி பாட்டில்ல வெறுந்தண்ணி ஊத்திப் பாருங்களேன்.” ஒரே இரவில் நிறுத்தச் சொன்னால் அழுகை தாங்காமல் மறுநாளே பழையபடி ஆகிவிடும். பானத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீரில் முடிப்பது எளிது. பகலில் டம்ளரில் குடிக்கப் பழக்கினால் பாட்டிலே தேவைப்படாது.

உங்கள் மகனுக்கும் இதே முறைதான்: இந்த வாரம் சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்குங்கள், அடுத்த வாரம் அதையும் விடுங்கள், பிறகு பவுடரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் பாலைத் தள்ளிவிடுவான்; அந்த வேளைக்குத் தயிரோ, அவித்த முட்டையோ, நிலக்கடலையை நைஸாக அரைத்துச் சேர்த்த கஞ்சியோ கொடுத்தால் சத்துக்குக் குறைவிருக்காது.