மச்சானின் ஒரு செய்தியும் நீங்கள் அழித்த செய்திகளும்

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர், மனைவியின் தம்பி புறக்கோட்டையில் துணிக்கடை போட வங்கி மூலம் இரு தடவையாக 18 இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. இப்போது மச்சான், "அது கடனில்லை, கடையில் நீங்கள் போட்ட பங்கு, கடை நட்டப்பட்டுவிட்டது" என்கிறார். வாசகர் வட்ஸ்அப்பில் தேவையில்லாததை அழித்துவிட்டு, முக்கியமானதை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து பிரின்ட் போட்டு வைத்திருக்கிறார். 12 இலட்சம் தருவதாக மச்சான் ஆள் அனுப்பியதை மறுத்துவிட்டார். வழக்குப் போட்டால் வெல்லலாமா?

பதில்: கலியாணத்துக்கு நீங்கள் செய்த செலவையும் மாமியார் பேசிய பேச்சையும் எழுதியிருக்கிறீர்கள், அவற்றை விட்டுவிடுங்கள். கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: அந்தப் பணம் கடனா, பங்கா? வங்கிக் கூற்று பணம் போனதைக் காட்டும், எதற்காகப் போனது என்று சொல்லாது. அதைச் சொல்வது, "பொங்கலுக்கு முதல் 18ஐயும் தந்திடுறன் அத்தான்" என்று மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒரு செய்திதான்.

சரி, அதை அவர்தான் அனுப்பினார் என்று எப்படிக் காட்டுவீர்கள்? உங்கள் ஸ்கிரீன்ஷொட்டின் மேலே இருப்பது நீங்கள் சேமித்து வைத்த பெயர். யாருடைய இலக்கத்துக்கும் யார் பெயரையும் போடலாமே. இலக்கம் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். அந்த சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் விசாரியுங்கள். மனைவி பெயரில் சிம் வைத்திருக்கும் வியாபாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் பயப்படும் விஷயம். "தேவையில்லாததை அழித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் தாங்களாகவே விழும் குழி இது. உங்கள் போனில் மட்டும் அழித்தால் மச்சானுடைய போனில் அது அப்படியே இருக்கும். "கடை எப்படிப் போகுது, என்ர பங்கு என்ன மாதிரி?" என்று எப்போதாவது கேட்டிருந்தீர்களா? அப்படியானால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை எடுத்து நீட்டுவார். அடுத்த கேள்வி, "இதை ஏன் அழித்தீர்கள்?" கையில் இருந்த சான்றை மறைத்தவருக்கு எதிராக ஊகிக்க, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அதன்பின் பொங்கல் செய்தியையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

எனவே இன்றிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். பழைய போனை மகனுக்குக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். ரீசெட் செய்வதற்கு முன் அதைத் திரும்ப வாங்கிப் பூட்டி வையுங்கள். குரல்பதிவுகள் உட்பட முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து, மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இத்தகைய செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். அந்தச் சட்டம் பொருந்தும் ஆவணங்களுக்கு கணினிச் சான்றுகள் பற்றிய 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் பொருந்தாது என்று அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எது பொருந்தும் என்று நீதிமன்றத்தில் சண்டை பிடித்து வருடத்தைக் கழிக்க வேண்டுமா? விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தச் செய்திகளை முன்வைக்கப் போவதாக மறுதரப்புக்கு அறிவித்தலும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால், 15 நாட்களுக்குள் அந்தப் போனையே பார்வையிட மறுதரப்பு கேட்கலாம். வெட்டி ஒட்டிய பிரின்ட் அங்கேதான் பிடிபடும்.

காலவரம்பையும் கவனியுங்கள். எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான். திருப்பித் தரும் நாள் குறிக்காத கடனென்றால், கொடுத்த நாளிலிருந்தே எண்ணப்படும் ஆபத்து உண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது.

நேராகச் சொல்கிறேன்: அழித்த செய்திகளில் 'பங்கு' என்ற சொல் இருந்தால் 12 இலட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 14, 15க்குப் பேசிப் பாருங்கள். வாய்ப்பேச்சில் விடாமல், தவணைத் திகதிகளோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத்தில் இருந்தால் வழக்குக்கு ஆறு வருடம் கிடைக்கும். வழக்குப் போட்ட பிறகு இணங்கினால், சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் அதைத் தீர்ப்பாகவே பதியக் கேளுங்கள். ஒரு தவணை தவறினாலும் புது வழக்குத் தேவையில்லை, நேரே தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கைக்குப் போகலாம்.