நல்ல பட்டன்-டவுன் காட்டன் சட்டைக்கு மட்டும் ஏன் இன்னும் மவுசு குறையவில்லை?

என்னைக் கேட்டால் காரணம் காலர்தான். துணி, தையல் எல்லாம் அதற்கு அப்புறம்.

காலரின் இரண்டு முனைகளையும் சின்னப் பட்டன் போட்டுச் சட்டையோடு பிடித்துவைத்திருந்தால் அது பட்டன்-டவுன். இங்கிலாந்தில் போலோ ஆடியவர்கள், குதிரை ஓடும்போது காலர் முகத்தில் அடிக்காமலிருக்க இப்படிச் செய்துகொண்டார்களாம். 1896இல் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ப்ரூக்ஸ் அதைப் பார்த்துத் தன் கடைக்குக் கொண்டுவந்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. கஞ்சி போட்டு விறைக்கவைத்த, தனியே கழற்றி மாட்டும் காலர்களில் ஆண்கள் கழுத்தை நுழைத்துக்கொண்டிருந்த காலம் அது. வளைந்து கொடுக்கும் காலர் வந்தால் விடுவார்களா?

நன்றாகத் தைத்த சட்டையில், காலருக்குள் விறைப்புத் துணி இருக்காது. இருந்தாலும் மிக மெல்லியதாக இருக்கும். முனைகளும் சற்று நீளம். அதனால் பட்டன் போட்டதும் காலர் தட்டையாகப் படியாமல் முன்பக்கம் லேசாக வளைந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேறு மாதிரி வளையும். இந்த அழகுக்காகத்தான் நான் இந்தச் சட்டையை விடாமல் போடுகிறேன். இப்போது கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் முனை குட்டை, உள்ளே பசை வைத்து ஒட்டிய துணி. பசை விட்டுப்போனால் காலர் கொப்புளம் கொப்புளமாகிவிடும்.

இதற்கென்றே பெயர் போன துணி ஆக்ஸ்ஃபோர்டு. பாவில், அதாவது நீளவாக்கில், இரண்டு மெல்லிய நூல் சேர்ந்தே போகும், குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு தடித்த நூல். வழக்கமாகப் பாவுக்கு மட்டும்தான் சாயம், ஊடை வெள்ளை. நீலச் சட்டையைக் கிட்டத்தில் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரிவது அதனால்தான். புதிதில் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்க மெதுவாகும். கொஞ்சம் கனமான துணி என்பதால் சென்னையின் மே மாதத்துக்கு மட்டும் மெல்லிய பாப்ளினே மேல்.

அடுத்து, இஸ்திரியே வேண்டாத சட்டைகள். பருத்தி ஈரமாகும்போது அதன் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையிலான பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி இறுகுகின்றன. சுருக்கம் விழுவது இப்படித்தான். அதைத் தடுக்க ஒரு பிசினை ஏற்றி இழைகளை நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறார்கள். சுருக்கம் குறைகிறது, ஆனால் நூலின் வலுவும் குறைகிறது, வியர்வையை உறிஞ்சுவதும் குறைகிறது. பருத்தியை எதற்காக உடுத்துகிறோமோ அதையே கொடுத்துவிட்டு இஸ்திரி நேரத்தை மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்தச் சட்டையை மிகுந்த அக்கறையோடு காப்பாற்றியவர்கள் ஜப்பானியர்கள் என்று நினைக்கிறேன். 1960களில் கென்சுகே இஷிஸுவின் வான் ஜாக்கெட் நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடையை அங்கே பரப்பியது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த யோஷியோ சடாசுவே 1993இல் கமாகுரா சர்ட்ஸ் என்ற சட்டை நிறுவனத்தைத் தொடங்கினார். 2012இல் அவர்கள் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில், ப்ரூக்ஸ் பிரதர்ஸின் தலைமைக் கடை இருந்த அதே சாலையில், கடை திறந்தார்கள். கற்றுக்கொண்ட ஊருக்கே போய் விற்கும் அளவுக்குத் தொழிலில் நம்பிக்கை!

வாங்கப் போகிறீர்கள் என்றால் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் காலரை விரலால் மடக்கிப் பாருங்கள். அட்டை போல எதிர்த்து நின்றால் வைத்துவிடுங்கள். கோடு போட்டதோ கட்டம் போட்டதோ என்றால், பாக்கெட்டின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதில் கவனம் வைத்தவர் மற்ற இடத்திலும் வைத்திருப்பார். முன்பே துவைத்துச் சுருக்காத துணியானால் கழுத்தும் கையும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், முதல் சில சலவையில் சுருங்கும். காயப்போடும்போது உதறி ஹேங்கரில் மாட்டினால் போதும், இஸ்திரிக்குப் பாதி வேலைகூட இருக்காது.