டாக்டர் பதில்கள்: கை நடுக்கமும் காப்ஸ்யூலும்

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு வயது 66. வலது கை நடுங்குகிறது. சட்டைப் பட்டன் போடவே வெகுநேரம் ஆகிறது. பார்க்கின்சன் என்று லெவோடோபா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 'மூளை செல்லில் சக்தி குறைந்து, துருப்பிடிப்பதுபோல் கெடுகிறது. கோஎன்சைம் க்யூ-10 காப்ஸ்யூல் சரிசெய்யும்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா டாக்டர்?

பதில்: அவர் சொன்னதில் முன்பாதி சரிதான். பின்பாதிதான் காசைக் கரைக்கும்.

1982-ல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென விறைத்து, அசைய முடியாமல், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் மூளையில் உருமாறி, உடல் அசைவுக்குத் தேவையான டோபமினைச் சுரக்கும் செல்களுக்குள் புகுந்து, செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி உற்பத்தியை முதல் கட்டத்திலேயே முடக்கிவிடும். சாதாரணமாக இந்நோய் வந்து இறந்தவர்களின் மூளையிலும் அந்தக் கட்டம் தளர்ந்திருப்பதை 1989-ல் கண்டார்கள்.

ஏன் இந்த டோபமின் செல்கள் மட்டும் இப்படிக் கெடுகின்றன? ஓய்வில்லாத வேலை, ஒவ்வொன்றுக்கும் லட்சக்கணக்கான இணைப்புகள். சக்தி ஏகத்துக்கும் தேவை. போதாததற்கு, டோபமின் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஆமாம், புண் கழுவுவோமே, அதுதான். அங்கே இரும்பும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் செல்லையே அரிக்கும்.

தோட்டத்தில் களைக்கு என்ன அடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பாராகுவாட் என்றால் உடனே நிறுத்துங்கள். அதைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு வந்ததே அதனால்தான் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கூலிக்கு ஆள் வைத்து அடிப்பதும் வேண்டாம்; அந்த ஆளுக்கும் மூளை உண்டு.

சரி, காப்ஸ்யூல். கோஎன்சைம் க்யூ-10 மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி உற்பத்திக்குத் துணைபோகும் பொருள்தான். 600 நோயாளிகளிடம், தினம் 2,400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த முடிவு 2014-ல் வெளியானது. மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. வைட்டமின் ஈ-யும் தேறவில்லை. நடுக்கம் தெரியும்போதே செல்களில் பெரும்பகுதி போயிருக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மா ஒருவர் என்னிடம் வருகிறார். மூளையில் டோபமினாக மாறும் அதே லெவோடோபா மாத்திரையைப் பாலோடு விழுங்கிவிட்டு, "நான் ஒரு முழம் கட்டுறதுக்குள்ள பக்கத்துக்காரி மூணு முழம் கட்டிர்றா" என்றார். பாலிலும் பருப்பிலும் இருக்கும் புரதம் லெவோடோபாவை உள்ளே போகவிடாமல் மல்லுக்கட்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், தண்ணீரில் போடச் சொன்னேன். விரல் நாரைச் சுற்ற ஆரம்பித்தது. உங்கள் அப்பா எப்போது போடுகிறார் என்று பாருங்கள். தினமும் நடக்கட்டும், வரப்பில் அல்ல, சமதரையில். அப்புறம், மதுரை மாசி வீதிப் பக்கம் போய்ப் பூனைக்காலி விதை வாங்கி வந்துவிடாதீர்கள். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது. மொத்த அளவு தாறுமாறாகிவிடும்.