தைலமரத்தடியில் பழுப்பு உருண்டைகள்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: ஆலங்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண்ணில் தைலமரம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஐப்பசி மழை விட்டதும் மரத்தடியில் உருளைக்கிழங்கு அளவில் பழுப்பு உருண்டைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கின்றன. மிதித்தால் பொடி பறக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "வேர் அழுகல் வந்துவிட்டது, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கரைத்து ஊற்றுங்கள்" என்கிறார். மரம் பச்சையாகத்தான் நிற்கிறது. ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். மருந்து வாங்கிவிட்டீர்கள் என்றாலும் மரத்தடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது பிசோலித்தஸ் என்ற பூசணமாகத்தான் இருக்கும். ஒரு உருண்டையை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். மேல்பாதி காப்பிப்பொடி போலத் தூளாகவும், கீழ்ப்பாதி பயறு பயறாக மணி கோத்தது போலவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் வந்தபோது கூடவே வந்த கூட்டாளி இது. நாம் பார்க்கும் உருண்டை அதன் காய் மட்டும்தான். உடம்பு முழுவதும் மண்ணுக்குள் நூல் நூலாக ஓடுகிறது.

அந்த நூல்கள் மரத்தின் சல்லிவேர் நுனியை உறை போட்டதுபோல மூடிக்கொள்ளும். வேரின் மேல்தோல் செல்களுக்கு இடையே வலைபோலப் பரவும், ஆனால் செல்லைத் துளைத்து உள்ளே போகாது. செம்மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். வேர் தன்னை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் உள்ளதை உறிஞ்சியதும் அந்த இடம் வெறுமையாகிவிடும். வேரை விடப் பல மடங்கு மெல்லிய பூசண நூல் அதையும் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. அதற்குக் கூலியாக மரம் தான் இலையில் சமைத்த சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடக் கொடுக்கிறது. அவ்வளவு கொடுத்தும் மரத்துக்கு லாபம்தான்.

வேரில் பூசணத்தைக் கண்டாலே நோய் என்று நினைப்பது பழைய பயம். ஜெர்மனியில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரிடம், மண்ணுக்குள் விளையும் விலை உயர்ந்த ட்ரஃபிள் காளானைப் பயிர் செய்ய வழி தேடும் வேலையைப் பிரஷ்ய அரசு ஒப்படைத்தது. காட்டு மரங்களின் வேரை நோண்டிப் பார்த்தவர், நன்றாக இருக்கும் மரங்களிலும் வேர்நுனியைப் பூசணம் மூடியிருப்பதைக் கண்டார். இது நோயல்ல, மரத்துக்குச் சோறூட்டும் செவிலி என்று 1885இல் எழுதி, இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா (பூசணவேர்) என்று பெயரும் வைத்தார். அன்று பலரும் அதை நம்பவில்லை. பிறகு மரமும் பூசணமும்தான் அவர் பக்கம் சாட்சி சொல்லின. போர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட பைன் கன்றுகள் மஞ்சளித்து நின்றுவிட்டன. வெளியிலிருந்து இத்தகைய பூசணம் உள்ள பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே அவை தேறின.

உங்கள் மரத்தடியிலும் நீங்களே பார்க்கலாம். சருகை விலக்கி, களைக்கொத்தியால் மேல்மண்ணை மெதுவாகக் கிளறி, நாலைந்து சல்லிவேரைத் தண்ணீரில் அலசுங்கள். நுனிகள் குட்டையாக, தடித்து, கிளைவிட்டு, மேலே கடுகு மஞ்சள் நூல் படர்ந்திருந்தால் கூட்டு நன்றாக நடக்கிறது. கறுத்து, தோல் உரிந்து, நாற்றமடித்தால்தான் அழுகல்.

பயப்பட வேண்டிய காளான் வேறு. தண்டின் அடியில் தட்டுப்போல, கெட்டியாக, செம்பழுப்பாகப் பளபளவென்று ஒட்டியிருந்தால் அது கானோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடலைக் கொண்டுவருவதும் அதன் இனம்தான். அப்படி ஒன்றைக் கண்டால் உடனே எழுதுங்கள்.

மருந்து மண்ணில் இறங்கினால் நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்று பிரித்துப் பார்க்காது. தாமிரம் மண்ணிலேயே தங்கியும் விடும். மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளி இடாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் பூசணத்தைச் சேர்ப்பது குறையும். சருகைக் கொளுத்தாதீர்கள், மரத்தை ஒட்டி ரோட்டவேட்டர் ஓட்டாதீர்கள். புற்றுக்காளான் மாதிரி என்று நினைத்துச் சமைத்துவிடவும் வேண்டாம். இதேபோல் உருண்டையாக வரும் நச்சுக் காளானும் உண்டு.

அடுத்த முறை நாற்றுவிடும்போது, நன்கு முற்றிய ஓரிரண்டு உருண்டைகளின் பொடியைத் தண்ணீரில் கலக்கி நாற்றுப்பைகளில் தெளியுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு உடையுங்கள். இது தைலமரத்துக்கு மட்டும். தேக்கு, வேம்பு, தென்னைக்குச் சேருவது கடையில் கிடைக்கும் வேர் உட்பூசணம். அது வெளியே காளானாகத் தலைகாட்டாது. கன்று நடும்போதே குழியில் வேரைத் தொடும்படி அதை இட வேண்டும்.