டைனம் வாயில் ஏன் மூடியிருந்தது?

"புதன்கிழமை போனோம், சாலையிலேயே வாயிலை மூடிவைத்திருந்தார்கள், அப்படியொரு ஊர் இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டைனம் என்ற ஊர் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையருகே, பர்பெக் குன்றுகளுக்குத் தெற்கே ஒளிந்திருக்கும் பள்ளத்தாக்கு அது. 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக அங்கிருந்த சுமார் 225 பேரையும் வெளியேற்றினார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பித்தான் கிளம்பினார்கள். வீடுகளையும் தேவாலயத்தையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் வருவோம் என்று தேவாலயக் கதவில் சீட்டு வேறு குத்திவைத்தார்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. அந்தச் சீட்டை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இப்போதும் அது டாங்கிகள் சுட்டுப் பழகும் இடம். ஆகவே வார நாள்களில் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். வார இறுதிகளில் பெரும்பாலும் திறந்திருக்கும். ஆனாலும் கிளம்பும் முன் ஊர் அடங்கியிருக்கும் லல்வர்த் ராணுவச் சுடுதளத்தின் திறப்பு நாள்களை அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

வீடுகள் கூரையிழந்து நிற்கின்றன. தேவாலயமும் பள்ளியும் காட்சியகங்களாக இருக்கின்றன. பள்ளி 1932இலேயே பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டது. அங்கிருந்து வார்பரோ விரிகுடாவுக்கு அரை மணிக்குள் நடந்துவிடலாம். மஞ்சள் குறிக்கம்பங்களைத் தாண்டி மட்டும் போகாதீர்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும்.